கிணறு யாருடையது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், ஆப்பிரிக்கச் சிற்றூர்களில் ஊராரே உரிமை எடுத்து நடத்தும் குடிநீர்க் கிணறுகளைப் பற்றி அரைப்பக்கக் குறிப்பு ஒன்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தண்ணீர் என்ற சொல் இந்த மண்ணில் எவ்வளவு கனமானது என்பதை அவை மீண்டும் உணர்த்தின. எனவே இந்த முறை பகுதி முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர் சேர்ந்து, ஆப்பிரிக்காவில் கிணறு அமைத்துத் தரும் தொண்டு அமைப்பு ஒன்றுக்கு நன்கொடை அளிக்க விரும்புகிறோம். கிணறு முடிந்ததும் எங்கள் குழுவின் பெயரைக் கல்லில் பொறித்துப் படம் எடுத்து அனுப்புவார்களாம். கொடுக்கலாமா?
– குழுத் தலைவி, பென்னாகரம் வட்டம்

உங்கள் எண்ணம் எங்கிருந்து பிறந்தது என்பது எனக்குத் தெரியும். காவிரி நீர் குழாய் வழியாக வருவதற்கு முன், கோடை நாட்களில் ஒரு குடம் தண்ணீருக்காக உங்கள் பக்கத்துப் பெண்கள் காத்துக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு, உலகின் எந்த மூலையில் தண்ணீர் இல்லையென்றாலும் அது பக்கத்து ஊர்ச் செய்தியாகவே படும். கொடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் கல்லின் படத்தைக் கேட்பதை விட்டுவிட்டு, வேறு சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுங்கள்.

போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போடுவது இரண்டொரு நாள் வேலை. அதற்குப் பிறகு அந்தக் கிணறு இருபது ஆண்டுகளாவது ஊருக்குத் தண்ணீர் தர வேண்டும். சகாராவுக்குத் தெற்கே உள்ள 20 நாடுகளின் விவரங்களைத் தொகுத்த ஊரகக் குடிநீர் வல்லுநர்கள், அங்கு நிறுவப்பட்ட அடிபம்புகளில் ஏறத்தாழ 36 விழுக்காடு ஓடாமல் கிடப்பதாக 2009-ஆம் ஆண்டில் மதிப்பிட்டார்கள். பத்தாண்டுகள் கழித்து வந்த மதிப்பீடும் நான்கில் ஒரு பம்பு பழுதாகவே இருப்பதாகச் சொன்னது. நீர் கசியாமல் அடைக்கும் வாசர் தேய்வதும், கைப்பிடியை அடியிலுள்ள உறுப்போடு இணைக்கும் ராடு அறுவதும், குழாய் துருப்பிடிப்பதும்தான் பல இடங்களில் பழுதின் தொடக்கம். அதைச் சரிசெய்ய யார் வருவார், செலவை யார் தருவார், உதிரிபாகம் எந்தக் கடையில் கிடைக்கும் என்பவற்றுக்கு ஊரில் விடை இல்லாமல் போவதால், ஒரு வாரத்தில் முடிய வேண்டிய பழுது ஓராண்டாக நீண்டு, கடைசியில் பெண்கள் பழைய குட்டைக்கே திரும்பிவிடுகிறார்கள்.

ஆகவே, ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் அந்த அமைப்பு போட்ட கிணறுகளில் இன்று எத்தனை ஓடுகின்றன என்று முதலில் கேளுங்கள். இதற்கு நேரான பதில் சொல்பவர்களை நம்பலாம். பிறகு, கிணறு நிற்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது, ஊருக்கு எழுத்து மூலமாக உரிமை கொடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். ஒரு குடும்பத்தின் நிலத்தில் வாய்ப்பேச்சில் போட்ட பொதுக் கிணற்றைச் சுற்றி, தந்தைக்குப் பின் மகன் காலத்தில் வேலி வந்துவிடும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கல்லில் பெயர் பொறிப்பதைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் குழுவின் பெயர் அங்கே இருக்கும் வரை, அந்த ஊர்க் குழந்தைகள் அதை ‘அவர்கள் போட்டுக் கொடுத்த கிணறு’ என்றே படித்து வளர்வார்கள். கைப்பிடி உடைந்தால் ‘அவர்கள்’ வரட்டும் என்று ஊர் காத்திருக்கும். அந்தக் கல்லில் ஊரின் பெயரும், கிணற்றுக் குழுவினரின் பெயரும், கிணற்றின் ஆழமும் போட்ட தேதியும் இருக்கட்டும். ஆழம் எழுதியிருந்தால் பின்னால் பழுது பார்க்க வருபவருக்கு எத்தனை குழாய் இறங்கியிருக்கிறது என்றாவது தெரியும்.

என் மகன் போர் வண்டியில் வேலைக்குப் போய் இப்போது உகாண்டாவில் இருக்கிறான். ‘நம்ம ஊர்ப் பாறைதான்பா இங்கேயும்’ என்று போனில் சொல்கிறான். அது எப்படி?
– விவசாயி, மொரப்பூர்

உங்கள் மகன் சொல்வது சரிதான். நம் மாவட்டங்களின் அடியில் கிடக்கும் கருங்கல்லும் வரிப்பாறையும் பூமியின் மிகப் பழைய பாறை வகையைச் சேர்ந்தவை. உகாண்டாவின் பெரும்பகுதியிலும், ஆப்பிரிக்காவின் மற்ற பல நிலப்பரப்புகளிலும் அதே வகைப் பாறைதான் அடித்தளம். தென்னிந்தியாவும் மடகாஸ்கரும் கிழக்கு ஆப்பிரிக்காவும் ஒரு காலத்தில் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டியிருந்தவை.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே பல இடங்களில் பாறையின் மேலே மட்கிச் சிதைந்த அடுக்கு பல மீட்டர் கனத்துக்கு இருக்கிறது. மழைநீர் அந்த அடுக்கில் தேங்கி நிற்பதால், அடிபம்புக்கான கிணறு பெரும்பாலும் ஐம்பது அறுபது மீட்டருக்குள் முடிந்துவிடும். பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு நிறுவனத்தார் 2012-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆப்பிரிக்காவின் நிலத்தடியில் ஏறத்தாழ 6,60,000 கன கிலோமீட்டர் நீர் இருக்கிறது. அதில் பெரும்பங்கு லிபியா, அல்ஜீரியா, எகிப்து, சூடான் போன்ற வடபகுதி நாடுகளின் மணற்பாறைகளில் இருக்கிறது. பாறைப் பகுதிகளில் கிடைப்பது குறைவு என்றாலும், ஓர் அடிபம்புக்கு நொடிக்குக் கால் லிட்டர் அளவு ஊறினாலே போதும். குடிநீருக்குப் போதுமான அந்த ஊற்றில் ஆயிரம் அடிக்கு இறங்கி மோட்டார் வைத்துப் பாசனம் செய்யத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை நம் ஊர்க் கொல்லைகளில் வரிசையாக நிற்கும் வறண்ட போர்க் குழிகள் காட்டும்.

உங்கள் மகனிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். துளையின் சுவர் சரியாமல் காக்கும் கேசிங் குழாயைக் கெட்டிப் பாறை வரைக்கும் இறக்கி, மேலே சில மீட்டருக்குக் களிமண்ணோ சிமெண்டுக் கலவையோ போட்டு அடைக்கச் சொல்லுங்கள். அதை மிச்சப்படுத்தினால் மழைக்காலத்தில் கழிப்பறைக் குழியின் நீரும் மாட்டுக் கொட்டகை நீரும் கேசிங்கை ஒட்டியே கீழே இறங்கிவிடும். மேலே மூடி வைத்தும், கிணற்று நீரில் நோய் வருவது இப்படித்தான்.

குடிநீர் மனித உரிமை என்று ஐக்கிய நாடுகள் அவை அறிவித்திருக்கும்போது, ஒருவேளை உணவுக்கே திண்டாடும் மக்களிடம் கிணற்றுக்கு மாதச் சந்தா வசூலிப்பது நியாயமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், ஊத்தங்கரை

தாங்கள் குறிப்பிடும் தீர்மானம் 2010-ஆம் ஆண்டு ஜூலை 28 அன்று நிறைவேறியது. அந்த உரிமையில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் உரிமை என்பது தேய்ந்த வாசரை மாற்றிவிடாது. யாரோ ஒருவர் வந்து மாற்ற வேண்டும், அவருக்குக் கூலி தர வேண்டும். ஊர்க் கிணற்றுக்கு வசூலிக்கும் பணத்தை நீரின் விலையாகப் பார்க்காமல் மராமத்துச் செலவாகப் பார்த்தால், நம் முன்னோர் ஏரிக்குக் குடிமராமத்து செய்ததற்கு அது நெருங்கிய உறவு என்பது தெரியும். பணம் இல்லாதவர் உடலுழைப்பைக் கொடுத்தார்கள். வரப்பில் நின்று நீர் பாய்ச்சியவருக்கு அறுவடையில் ஒரு பங்கு நெல் போனது. பொதுச் சொத்துகளை ஊரார் தாமே விதி வகுத்துக் காக்க முடியும் என்பதைப் பல நாட்டு எடுத்துக்காட்டுகளோடு காட்டியதற்காகத்தான் அமெரிக்க அறிஞர் எலினார் ஆஸ்ட்ரம் 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவர். பயன்படுத்துபவர்களே விதியை எழுத வேண்டும், காவல் காப்பவர் அவர்களுக்குக் கட்டுப்பட்டவராக இருக்க வேண்டும், தவறியவருக்கு முதலில் சிறிய தண்டனையே போதும் என்று அவர் தொகுத்தவை நம் கிராமப் பெரியவர்களுக்குப் புதியவை அல்ல.

ஆயினும் தங்கள் கேள்வியின் உள்ளே இருக்கும் வருத்தம் முழுக்க நியாயமானது. வசூல் எப்படித் தடுமாறுகிறது என்பதைச் சொல்கிறேன். இரண்டு ஆண்டுகள் பம்பு பழுதாகாமல் ஓடினால், ‘பெட்டியில் கிடக்கும் பணம் என்ன ஆயிற்று’ என்ற சந்தேகம் ஊரில் முளைக்கிறது. மழைக்காலத்தில் ஓடையிலும் குட்டையிலும் நீர் கிடைப்பதால் பாதிப் பேர் சந்தாவை நிறுத்திவிடுகிறார்கள். பொருளாளர் வேறு ஊருக்குப் போய்விட்டால் கணக்கு நோட்டும் கூடவே போய்விடுகிறது. பெரிய பழுது வரும் நாளில் கையில் எதுவும் இருப்பதில்லை. இதில் அந்த மக்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நம் ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டிக்கு ஓர் ஆபரேட்டர் இருக்கிறார், மோட்டார் எரிந்தால் ஊராட்சி நிதியிலிருந்து சரி செய்கிறார்கள். நமக்கு இருக்கும் இந்தத் துணையில் எதையும் கொடுக்காமல், மலாவியின் ஒரு குக்கிராமத்தைப் பார்த்து ‘கிணறு உங்களுடையது, இனி எல்லாவற்றையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டு வண்டி ஏறுவதை உரிமை வழங்குதல் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கென்யாவில் கிட்டுயி, குவாலே ஆகிய பகுதிகளில் நடந்துவரும் முயற்சியை நான் ஆர்வத்தோடு கவனித்து வருகிறேன். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் அங்கு அடிபம்பின் கைப்பிடிக்குள் சிறு கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். கைப்பிடி எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பதைக் குறுஞ்செய்தியாக அனுப்பும் கருவி அது. அசைவு நின்றால் பழுது என்று மெக்கானிக்குத் தெரிந்துவிடும். அதற்கு முன் ஒரு பம்பு பழுதானால் அதைச் சரிசெய்யச் சராசரியாக 27 நாட்கள் ஆகிக்கொண்டிருந்த இடத்தில், அது 3 நாட்களுக்கும் குறைவாகியது. அந்த அனுபவத்திலிருந்து, பல ஊர்க் கிணறுகளை ஒன்றாகப் பராமரிக்கும் ஃபண்டிஃபிக்ஸ் என்ற உள்ளூர்ச் சேவை பிறந்தது. ஊர்கள் மாதந்தோறும் சிறு தொகை கட்டுகின்றன, மீதிக்கு ஒரு பொது நிதி துணை நிற்கிறது. கிணறு ஊருடையதாகவே இருக்கிறது. ஆனால் ஊர் தனியாக விடப்படவில்லை. விரைவாகப் பழுது நீங்கும் என்று கண்டபின் மக்கள் முன்பைவிட மனமுவந்து பணம் கட்ட முன்வந்தார்கள்.

நம் மாவட்டத்திலேயே பல தெருக்களுக்குக் குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வருவதில்லை. ஆப்பிரிக்காவைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?
– வாசகர், காவேரிப்பட்டினம்

உங்கள் தெருவுக்காக நீங்கள் கேட்பது முழு உரிமை. அதைத் தொடர்ந்து கேளுங்கள். ஆனால் இன்று நம் இரு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. பென்னாகரத்தை வரைபடத்திலும் பார்த்திராத மக்கள் செலுத்திய வரிப்பணத்துக்கும் அதில் பங்கு உண்டு. ‘எங்கள் ஊரில் குறையில்லையா’ என்று அவர்கள் கேட்டிருந்தால் நாம் இன்னும் போர் நீரையே குடித்துக்கொண்டிருப்போம்.

எங்கள் ஊரில் என் வயதுக்காரர்கள் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை. சிலருக்கு முதுகும் முட்டியும் இறுகிவிட்டன. ஆப்பிரிக்கக் கிணறுகளிலும் இந்த ஃபுளோரைடு தொல்லை உண்டா?
– வாசகி, பாலக்கோடு

உண்டு, சில இடங்களில் நம்மைவிடக் கடுமையாகவே உண்டு. எத்தியோப்பியாவிலிருந்து கென்யா வழியாகத் தான்சானியா வரை நீளும் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கு எரிமலைகள் வெடித்துப் பரவிய நிலம். அந்தச் சாம்பலிலும் பாறையிலும் ஃபுளோரைடு மிகுதி. உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரை போகலாம் என்கிறது. இந்தியத் தர நிர்ணயம் 1 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு வழி இல்லாத இடத்தில் 1.5 வரையும் வைத்திருக்கிறது. தான்சானியாவில் அந்த எல்லையைப் பின்பற்றினால் பல ஊர்களுக்குக் குடிக்க நீரே இருக்காது என்பதால், லிட்டருக்கு 4 மில்லிகிராம் வரை பல ஆண்டுகள் அனுமதித்திருந்தார்கள் என்றால் நிலைமையை எண்ணிப் பாருங்கள்.

நம் பக்கத்தில் எரிமலைச் சாம்பல் இல்லை. கருங்கல்லிலும் வரிப்பாறையிலும் உள்ள சில தாதுக்களிலிருந்து, நீர் நெடுங்காலம் பாறை இடுக்கில் தங்கும்போது ஃபுளோரைடு கரைந்து வருகிறது. சுண்ணாம்புச் சத்து குறைந்த நீரில் அது இன்னும் கூடுதலாகக் கரையும். அதனால்தான் ஆழ்ந்த போர்களில் தொல்லை அதிகம். இந்த நீர் கண்ணுக்குப் பளிங்கு போலத் தெளிவாக இருக்கும், நாற்றமும் இருக்காது. கிணறு திறக்கும் நாளில் எல்லோரும் மகிழ்ந்து குடிப்பார்கள், பத்தாண்டு கழித்துக் குழந்தைகளின் பல் அதைக் காட்டிக்கொடுக்கும். காய்ச்சினால் போகும் என்று சிலர் நம்புகிறார்கள். காய்ச்சும்போது நீர்தான் ஆவியாகிறது, ஃபுளோரைடு தங்கி இன்னும் செறிவாகிறது. தயவுசெய்து அதை நம்பாதீர்கள்.

இதில் நம் நாட்டுக்கு ஒரு பங்கு இருக்கிறது. நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம், அன்றைய ஆந்திரத்தின் நல்கொண்டா பகுதியை முன்வைத்து, படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து ஃபுளோரைடைப் படிய வைக்கும் முறையை உருவாக்கியது. நல்கொண்டா முறை என்ற பெயரிலேயே அது எத்தியோப்பியாவுக்கும் தான்சானியாவுக்கும் போனது. மாட்டு எலும்பைக் காற்றில்லாமல் கருக்கிப் பெறும் எலும்புக்கரியை வடிகட்டியாக வைக்கும் முறையும் கென்யாவின் நகுரு பக்கத்திலும் தான்சானியாவிலும் கையாளப்படுகிறது. இரண்டுமே வேலை செய்பவை. ஆனால் முதலாவதற்குத் தினமும் அளந்து போட ஒருவர் வேண்டும், இரண்டாவதற்குக் கரியைக் காலத்தில் மாற்ற ஒருவர் வேண்டும். அந்த ஒருவரை ஊர் நியமித்து, அவருக்குக் கூலியும் கொடுத்து வந்த வரைதான் இவை ஓடும். ஆகவே பாறைப் பகுதியிலோ பிளவுப் பள்ளத்தாக்கிலோ கிணறு போட நன்கொடை கொடுப்பவர்கள், பம்பைப் பொருத்துவதற்கு முன் நீரைப் பரிசோதித்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அளவு மீறியிருந்தால் அந்தக் குழியை மூடிவிடும் துணிவு வேண்டும்.

குழந்தைகள் ராட்டினம் சுற்றி விளையாடும்போதே தண்ணீர் மேலே ஏறும் பம்பு ஒன்று ஆப்பிரிக்காவில் இருப்பதாகப் படித்தேன். அதை ஏன் எல்லா ஊரிலும் வைக்கக் கூடாது?
– கல்லூரி மாணவி, கிருஷ்ணகிரி

வைத்துப் பார்த்துவிட்டார்கள். பிளேபம்ப் என்ற அந்தக் கருவி தென்னாப்பிரிக்காவில் தோன்றியது. 2006-இல் அமெரிக்காவில் பெருந்தொகை அறிவிக்கப்பட்டு, 2010-க்குள் 4,000 பம்புகள் என்று இலக்கும் வைத்தார்கள். ஆனால் குழந்தைகள் எப்போதும் விளையாடிக்கொண்டிருப்பதில்லை. சமையலுக்கு நீர் வேண்டிய விடியற்காலையில் தாய்மார்களும் பாட்டிமார்களும் குனிந்து அந்தச் சக்கரத்தைச் சுற்ற வேண்டியிருந்தது. விலையோ சாதாரண அடிபம்பைப் போல நான்கு மடங்கு. பழுதானால் உள்ளூரில் யாருக்கும் கை வராது. சில இடங்களில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த அடிபம்பைக் கழற்றிவிட்டு இதை வைத்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் வேதனை. இதைத் தாம் ஏன் ஆதரிக்கவில்லை என்று வாட்டர்எய்டு அமைப்பு 2009-இல் வெளிப்படையாக விளக்கியது. அந்தச் சக்கரத்தை வடிவமைத்தபோது, தினமும் நீர் எடுக்கும் பெண்ணிடம் யாராவது கேட்டிருக்கலாம்.

கிணற்றுக் குழுவில் பெண்களைக் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்கிறார்களே, அது பெயருக்குத்தானே?
– ஊராட்சி உறுப்பினர், அரூர்

பெயருக்குச் சேர்த்தால் பெயருக்குத்தான். வீட்டில் குழாய் இல்லாத குடும்பங்களில் பத்தில் ஏழு வீட்டுக்குப் பெண்களும் சிறுமியருமே நீர் சுமக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃப்பும் 2023-இல் கணக்குச் சொல்லியிருக்கின்றன. ஒரு 20 லிட்டர் கேன் 20 கிலோ கனம். அதைச் சுமப்பவருக்குத்தான் பம்பு நேற்றைவிட இன்று கனமாக அடிக்கிறது, நீர் வரத் தாமதமாகிறது என்பது முதலில் தெரியும். கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போடுவதோடு நிறுத்தாமல், அவர் கையில் பெட்டிச் சாவியும் ஸ்பேனரும் இருக்க வேண்டும்.

கூடவே ஒன்று: கிணற்றில் சுத்தமாக இருக்கும் நீர் வீட்டுக்குப் போகும் வழியில் கெட்டுவிடும். மேற்குக் கென்யாவில் ஊற்றுகளைக் கல் கட்டி மூடியபோது ஊற்று நீரின் கிருமி மாசு 66 விழுக்காடு குறைந்தது, குழந்தைகளின் வயிற்றுப்போக்கு கால் பங்கு குறைந்தது என்று பொருளியலாளர் மைக்கேல் கிரேமரும் உடன் ஆய்வாளர்களும் 2011-இல் எழுதினார்கள். ஆனால் வீட்டுப் பானையில் அந்த அளவுக்கு நீர் சுத்தமாகவில்லை. மூடியுள்ள பாத்திரமும் நீளக் காம்புக் கரண்டியும் கிணற்றுச் செலவோடு சேர்த்தே எண்ண வேண்டியவை.

நான் ஊராட்சி ஒன்றியத்தில் அடிபம்பு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது எங்கும் மோட்டார், குழாய். நான் கற்ற தொழில் இனி யாருக்காவது பயன்படுமா?
– வாசகர், பர்கூர் ஒன்றியம்

ஐயா, வந்த கடிதங்களில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது உங்கள் கடிதம்தான். நீங்கள் ஆயுள் முழுவதும் பழுது பார்த்த அந்தப் பம்பு இந்தியா மார்க் டூ. 1960-களின் பஞ்சத்துக்குப் பிறகு நாடெங்கும் போர்கள் போடப்பட்டன. அவற்றின் மேல் வைத்த வார்ப்பிரும்பு பம்புகள், ஒரு குடும்பம் பயன்படுத்தும் கணக்கில் செய்யப்பட்டவையாதலால், ஊரே அடித்தபோது உடைந்துபோயின. மகாராட்டிரத்தின் சோலாப்பூரில் உருவான வலுவான பம்பை அடிப்படையாகக் கொண்டு, யூனிசெஃப் உதவியோடு 1970-களில் சென்னையில் இருந்த பொறியாளர்கள் மார்க் டூவை வடிவமைத்தார்கள். கோவைப் பக்கத்து ஆழ்ந்த கிணறுகளில் அதைச் சோதித்தார்கள். சென்னையின் ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் தொழிற்சாலையில் அது உற்பத்தியானது. யாரும் காப்புரிமை கொண்டாடாததால் எந்த நாடும் செய்துகொள்ள முடிந்தது. அப்படித்தான் அது மாலிக்கும் உகாண்டாவுக்கும் போய்ச் சேர்ந்தது. ஊருக்கு ஒரு பொறுப்பாளர், ஒன்றியத்துக்கு ஒரு மெக்கானிக், மாவட்டத்துக்கு ஒரு நடமாடும் குழு என்ற மூன்றடுக்குப் பராமரிப்பு முறையும் தமிழ்நாட்டில் வளர்ந்ததுதான். அதன் நடு அடுக்கில் நின்றவர் நீங்கள்.

அந்தப் பம்பின் குறையும் உங்களுக்குத் தெரியும். சிலிண்டரில் வாசரை மாற்ற வேண்டுமென்றால் ஜி.ஐ. எனும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் முழுவதையும் மேலே இழுக்க வேண்டும், அதற்கு நான்கு ஆட்களும் கருவிகளும் வேண்டும். ஊராரே கழற்றி மாட்டக்கூடிய பம்பு வேண்டும் என்ற எண்ணம் 1980-களில் வலுத்ததற்கு இது ஒரு காரணம். குழாயை இழுக்காமலே உள்ளுறுப்பை மேலே எடுக்கும்படி மார்க் த்ரீ வந்தது. மலாவியில் தொடங்கிக் கென்யாவில் முழுமை பெற்ற ஆஃப்ரிடெவ் பிளாஸ்டிக் குழாயோடும் கொக்கி போட்ட ராடுகளோடும் வந்தது, அதை ஒரே ஸ்பேனரால் திறக்கலாம். அமிலத்தன்மையுள்ள நீரில் ஜி.ஐ. குழாய் துருப்பிடித்து நீர் சிவப்பாக வருவதும், அதைக் கண்டு மக்கள் கிணற்றையே கைவிடுவதும் அங்கே இன்றும் நடக்கிறது. அப்படிப்பட்ட நீரில் துருப்பிடிக்காத எஃகுக் குழாயோ பிளாஸ்டிக் குழாயோதான் இறக்க வேண்டும்.

பம்பின் கைப்பிடியைத் தொட்டவுடன் கோளாறு செயினிலா, ராடிலா, அடி வால்விலா என்று கண்டுபிடிக்கும் அறிவு உங்களைப் போன்றவர்களிடம் இருக்கிறது. மொரப்பூர் விவசாயியின் மகனைப் போல, நம் பக்கத்திலிருந்து போர் வண்டியோடு ஆப்பிரிக்கா போகும் இளைஞர்களுக்குத் துளை போடத் தெரியும், பம்பு பழுது பார்க்கத் தெரியாது. அடிக்கும்போது வரும் சத்தத்துக்கு ஏற்ப எந்த உறுப்பு போயிருக்கும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எதைக் கழற்றிப் பார்க்க வேண்டும், கையோடு எந்தெந்த உதிரிபாகத்தை எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்பதைப் பேசுவது போலவே எழுதி எனக்கு அனுப்புங்கள். கை நடுங்கினால் பேரனைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள், எழுத்துப் பிழையைப் பற்றி எண்ண வேண்டாம். வரும் இதழ்களில் அதற்கு இரண்டு பக்கம் ஒதுக்குகிறேன். அதன் படியை மொரப்பூருக்கு நானே தபாலில் அனுப்பி வைக்கிறேன்.